தாம்பூலப் பைய யாரும் பாக்கலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல, வாசகர்கள் இந்தியா போயிட்டு வந்து எடுத்த படங்கள்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. கோயில் கோபுரம், மெரினா குதிரை, பூக்கடைன்னு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கீழ வலது பக்க மூலையில ஒரு படம், சென்னை எழும்பூர் ஸ்டேஷன்ல ஒரு குடும்பம் தரையில படுத்து தூங்குது, அப்பா அம்மா ரெண்டு பிள்ளைங்க ஒரு பாட்டி, அதுக்குக் கீழ 'வறுமையின் பிடியில் வாடும் குடும்பம்'னு எழுதியிருந்தீங்க. அதப் பாத்ததுல இருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு. எழுதலாமா வேணாமான்னு நாலு நாள் யோசிச்சு, இன்னிக்கு காலையில பசியாறிட்டு உக்காந்துட்டேன். நீளமா போயிடுச்சு, இடம் இல்லன்னா நடுவுல எங்கயாவது வெட்டிக்குங்க, கடைசி பாராவுல மட்டும் கை வைக்காதீங்க.

அந்தப் படத்த நான் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன், பழைய பழக்கம். பாட்டி தலைக்கு வச்சிருக்கிற பையப் பாருங்க. மஞ்சத் துணிப்பை, மேல சிவப்பு எழுத்து, பாதி மடிஞ்சு போயிருக்கு, ஆனா 'திருமண' வரைக்கும் தெரியுது, அதுக்குக் கீழ ஒரு தேதி. அது தாம்பூலப் பை சார். கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு தேங்கா வெத்தல பாக்கு போட்டு குடுத்து அனுப்புற பை. சின்னப் பொண்ணு தலையில மல்லிப்பூ இன்னும் முழுசா வாடக்கூட இல்ல, கையில மருதாணி வேற. சென்னையில முகூர்த்தம் காலையில முடிஞ்சு, மத்தியானம் பந்தி முடிஞ்சு, சாயங்காலத்துக்குள்ள மண்டபத்த காலி பண்ணச் சொல்லிடுவாங்க, ஊருக்குப் போற ட்ரெயின் ராத்திரிதான். நடுவுல இருக்கிற அஞ்சாறு மணி நேரத்துக்கு அஞ்சு பேரு கொண்ட குடும்பம் எங்க போவும்? வயிறு நெறைய கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவங்க தூங்காம வேற என்ன செய்வாங்க. அதப் போயி வறுமைன்னு எழுதிட்டீங்களே!

நான் யாருன்னு சொல்லிடறேன். கோலாலம்பூர் செந்தூல்காரன். அப்பா செந்தூல் ரயில்வே வொர்க்‌ஷாப்ல காலம் பூரா வேலை பாத்தவர், அதனால சின்ன வயசுல இருந்தே ட்ரெயின் சத்தம் கேக்காட்டி எனக்கு தூக்கம் வராது. ரிட்டயர் ஆனப்புறம் கேமரா பைத்தியம் புடிச்சுக்கிச்சு. லால்குடி பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க, ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ திருச்சிக்கு பிளைட் ஏறுவேன், வீட்ல எல்லாரும் சேலை எடுக்கப் போவாங்க, நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போவேன். பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபா, நம்ம காசுக்கு அம்பது சென் போல வரும், ரெண்டு மணி நேரம் செல்லும். அம்பது சென்னுக்கு இத விட நல்ல படம் எந்தத் தியேட்டர்லயும் ஓடாது. ரெண்டு மணி நேரம் முடிஞ்சா வெளிய போயி இன்னொரு டிக்கெட் எடுத்துட்டு வருவேன், கவுண்டர்ல இருக்கிறவரு ஒரு தடவ கேட்டே கேட்டாரு, யாரத்தான் சார் இன்னும் அனுப்பலன்னு.

தரையில படுக்கிறதப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல இருந்து போறவங்க முக்காவாசிப் பேரு மொதல்ல கேமராவ தூக்குறது அங்கதான். பாண்டியன், நெல்லை, முத்துநகர், மலைக்கோட்டைன்னு தெக்க போற ட்ரெயினெல்லாம் ராத்திரி ட்ரெயின், சாயங்காலத்துல இருந்து நடுராத்திரி வரைக்கும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கிளம்பும். வடக்க இருந்து வர்றவன் சென்ட்ரல்ல எறங்குவான், தெக்க போறதுக்கு எழும்பூர் போகணும், ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு கிலோமீட்டர்தான், ஆனா ட்ரெயினுக்கும் ட்ரெயினுக்கும் நடுவுல சில சமயம் அரை நாள். அன்ரிசர்வ்டு பெட்டியில போறவங்க கதை வேற, சீட்டு நம்பர் கெடையாது, மொத ஆளா வரிசையில நின்னாத்தான் உக்கார எடம், அதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே வந்து பைய வரிசையில போட்டுட்டு பக்கத்துலயே சாஞ்சிடுவாங்க. ஒடிசா, பீகார், வங்காளத்துல இருந்து திருப்பூர் கோயமுத்தூருக்கு வேலைக்கு வர்ற பையனுங்க ரெண்டு நாள் இப்படி உக்காந்தே வந்தவங்க, நீட்டிப் படுக்க கெடைச்ச மொத எடமே அந்தத் தரைதான். அதுவும் மே மாச வெயிலுக்கு கிரானைட் தரை சில்லுன்னு இருக்கும், ஏழைங்க மட்டும்தான் படுப்பாங்கன்னு இல்ல, பேன்ட் சட்ட போட்ட ஆபீஸரும் பேப்பர விரிச்சுட்டு படுப்பாரு. நானே படுத்திருக்கேன். ஒருநாள் ட்ரெயின் அஞ்சு மணி நேரம் லேட்டு, பெட்டிய சங்கிலி போட்டுக் கட்டிட்டு வாயத் தொறந்து தூங்கினேன், எந்த நாட்டு டூரிஸ்ட்டு எந்த ஊர்ல என் படத்த என்ன பேர்ல மாட்டி வச்சிருக்கானோ. வீடு வாசல் இல்லாதவங்க ஸ்டேஷன்ல இல்லவே இல்லன்னு சொல்ல வரல, இருக்காங்க, நானும் பாத்திருக்கேன். ஆனா அவங்களுக்கும் ட்ரெயினுக்கு காத்திருக்கிறவங்களுக்கும் வித்தியாசம் தெரிய ஒரு கால் மணி நேரமாவது அங்க உக்காரணும்ல.

உக்காந்தா என்னென்ன கெடைக்கும் தெரியுமா. ட்ரெயின் கிளம்ப அரை மணி நேரம் இருக்கிறப்பதான் ஸ்டேஷனுக்கு உயிர் வரும். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'ன்னு அந்தம்மா குரல் வந்த உடனே படுத்திருந்தவன் எல்லாம் எந்திரிச்சு, எஸ் செவன் எங்க எஸ் செவன் எங்கன்னு ஒரு பக்கம் ஓடுவான், எதிர்ப்பக்கம் அதே எஸ் செவன தேடிட்டு இன்னொரு குடும்பம் ஓடிவரும், நடுவுல ரெண்டும் முட்டிக்கும். செவப்புச் சட்டை போர்ட்டர் கையில பித்தளை வில்லையோட பேரம் பேசுவாரு, இப்ப அவங்களும் கொறஞ்சுட்டாங்க, 2008-ல லாலு பிரசாத் ரயில்வே மந்திரியா இருந்தப்ப நெறைய பேர கேங்மேன் வேலைக்கு, அதான் தண்டவாளத்த பராமரிக்கிற வேலைக்கு, எடுத்துக்கிட்டாங்க, மிச்சம் இருக்கிற பொழப்ப சக்கரம் வச்ச சூட்கேஸ் தின்னுடுச்சு. டிடிஆர பத்து பேரு சுத்தி நின்னுக்கிட்டு, சார் ஒரு லோயர் சார், வயசானவங்க சார்னு, அவரு ஒரு எழுத்துக்கூட பேசாம லிஸ்ட்டையே பாத்துட்டு நடப்பாரு பாருங்க, அந்த மூஞ்சிய மட்டும் நான் நூறு தடவ எடுத்திருப்பேன், ஒண்ணுல கூட சரியா வரல.

எனக்கு ரொம்பப் புடிச்சது வழியனுப்புறதுதான். ஸ்லீப்பர் பெட்டி ஜன்னல்ல கம்பி இருக்கும், கம்பிக்குள்ள கைய விட்டு முறுக்குப் பொட்டலம், தண்ணி பாட்டில், கடைசி நேரத்துல ஞாபகம் வந்த மாத்திரை எல்லாம் உள்ள போகும். சொல்ல வேண்டியதெல்லாம் வீட்லயே சொல்லி முடிச்சிருப்பாங்க, இருந்தாலும் போயிட்டு போன் பண்ணு, போன உடனே பண்ணு, மறக்காம பண்ணுன்னு அதையே பத்து தடவ சொல்லுவாங்க, ட்ரெயின் நகர ஆரம்பிச்சதும் கூடவே நடப்பாங்க, அப்புறம் வேகமா நடப்பாங்க, அப்புறம் நின்னுடுவாங்க. நின்னதுக்கப்புறம் ஒரு அஞ்சு செகண்டு அவங்களுக்கு கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாது. ஏசி பெட்டியில அது வேற மாதிரி, கண்ணாடி தொறக்காது, கலர் வேற அடிச்சிருப்பான், உள்ள இருக்கிறவரும் வெளிய இருக்கிறவரும் ஒரு முழம் தூரத்துல நின்னுக்கிட்டு போன்ல பேசுவாங்க, வாய் அசையிறது ஒண்ணு, சத்தம் காதுல வர்றது ஒண்ணு. வந்தே பாரத் ட்ரெயின் வந்தப்புறம் கதவே தானா மூடிக்குது, பெட்டிய ஏத்தி வைக்க ஏறின மாமா உள்ள மாட்டிக்கிட்டு அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போன கூத்தெல்லாம் நடந்திருக்கு.

நம்ம கோலாலம்பூர்ல, கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன்ல இத எடுக்கவே முடியாது, கவனிச்சிருக்கீங்களா. ஈட்டிஎஸ் மின்சார ட்ரெயின்ல ஊருக்குப் போற பிள்ளைய மேல கேட்டோடயே விட்டுடணும், டிக்கெட் இருக்கிறவங்க மட்டும் கீழ எறங்கிடுவாங்க, அனுப்ப வந்தவங்க எஸ்கலேட்டர் முனையில தலை மறையிற வரைக்கும் பாத்துட்டு பார்க்கிங் காசு ஏறுதேன்னு ஓடணும். சுத்தமா இருக்கு, குளுகுளுன்னு இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு மனுசன் இன்னொரு மனுசன ட்ரெயின் ஏத்திவிடுற காட்சி அங்க இல்ல. பழைய கே.எல். ஸ்டேஷன் அப்படி இல்ல, 1910-ல ஹப்பக்னு ஒரு வெள்ளக்கார ஆர்க்கிடெக்ட் கட்டினது, எழும்பூர் 1908, ரெண்டும் அந்தக் காலத்து வெள்ளக்காரன் நவாப் வேசம் போட்ட கட்டடம், அக்கா தங்கச்சி மாதிரி ஒரே ஜாடை, அது செவப்பு இது வெள்ள. அங்க நைட் மெயிலுக்கு எங்கம்மா எங்க சித்திய ஏத்திவிட்டு அழுதது எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு, அப்ப என்கிட்ட கேமரா இல்ல. இருந்திருந்தா எடுத்திருப்பேனான்னு கேட்டா, தெரியல.

கேண்டிட் போட்டோன்னு, போஸ் குடுக்காம இயல்பா இருக்கிறப்ப எடுக்கிற படத்துக்கு, ஒரு வார்த்தை இப்ப எல்லார் வாயிலயும் இருக்கு. கல்யாண வீட்ல போட்டோகிராபர் தம்பி மாப்பிள்ளைகிட்ட வந்து, அண்ணே இப்ப அக்காவ பாத்து தெரியாம சிரிங்க, கேண்டிட்டுங்கிறான், அது எப்படி தெரியாம சிரிக்கிறதுன்னு மாப்பிள்ளை முழிக்கிறான். உண்மையான கேண்டிட் ஸ்டேஷன்லதான், அங்க யாருக்கும் உங்களப் பாக்க நேரம் இல்ல. ஆனா அதுலதான் வம்பே. தூரத்துல தூணுக்குப் பின்னாடி நின்னு பெரிய ஸூம் லென்ஸ்ல இழுத்து எடுக்கிறது எனக்குப் புடிக்காது, திருடன் மாதிரி இருக்கும். சின்ன லென்ஸ் மாட்டிக்கிட்டு நாலடி தூரத்துல பெஞ்சுல உக்காந்து, கேமராவ மடியில தெரியிற மாதிரி வச்சிருந்தா, பத்து நிமிசத்துல நீங்களும் அந்தப் பெஞ்சு மாதிரி ஆயிடுவீங்க. புடிக்காதவங்க மூஞ்சிய திருப்பிக்குவாங்க, அதுவே பதில், விட்டுடணும். ஒரு தடவ போலீஸ்காரர் வந்து என்ன எடுக்கறீங்கன்னாரு, காட்டினேன், பாத்துட்டு, தண்டவாளத்துக்கிட்ட மட்டும் போகாதீங்க பெரியவரேன்னுட்டுப் போனாரு.

கேமரா ஷட்டர மெதுவா மூடுற மாதிரி வச்சு எடுக்கிறது இன்னொரு வழி. டெல்லி போட்டோகிராபர் ரகு ராய் 1995-ல மும்பை சர்ச்கேட் ஸ்டேஷன்ல எடுத்த படம் ஒண்ணு இருக்கு, கூட்டம் மொத்தமும் புகை மாதிரி கரைஞ்சு ஓடும், பேப்பர் படிச்சுட்டு அசையாம இருக்கிறவங்க மட்டும் தெளிவா இருப்பாங்க. நானும் திருச்சியில படிக்கட்டுக் கைப்பிடியில கேமராவ அழுத்தி வச்சு, மூச்ச புடிச்சுக்கிட்டு அரை செகண்டு, ஒரு செகண்டுன்னு எத்தனையோ எடுத்துப் பாத்தேன், அவ்ளோ பெரிய ஆளு எடுத்தது மாதிரி வருமா, வரல, எனக்கு வந்ததுல பாதி எல்லாமே புகை. ஆனா அந்தப் படங்கள்ல ஒரு நிம்மதி, ஸ்டேஷனோட ஓட்டம் இருக்கு, யாரு மூஞ்சியும் யாருக்கும் தெரியாது.

இப்படி உபதேசம் பண்றனே, நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. அதே திருச்சி ஜங்ஷன்ல ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், மகள ட்ரெயின் ஏத்திவிட்டுட்டு பிளாட்பாரத்துல தனியா நின்னு முந்தானையால மூஞ்சிய தொடைச்சாங்க, பின்னாடி அந்த மஞ்ச போர்டு, ஸ்டேஷன் பேரும் கடல் மட்டத்துக்கு இத்தனை மீட்டர்னு எழுதியிருக்குமே அது, சாயங்கால வெயில் சரியா அவங்க பாதி மூஞ்சியில. எடுத்துட்டேன். சத்தம் கேட்டு திரும்பினாங்க. என்னய்யா எடுத்த, காட்டுன்னாங்க. காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க, அப்புறம், இது வேணாம்யா அழிச்சுடு, எம்மவ பாத்தா பதறிப் போயிடுவான்னாங்க. அழிச்சுட்டேன்மான்னு சொன்னேன், பட்டனக் கூட அழுத்துற மாதிரி பண்ணினேன். அழிக்கல. இங்க வந்து கேமரா கிளப்புல காட்டி ரெண்டாம் பரிசு வாங்கினேன், கப்ப அலமாரியில வச்சிருந்தேன், கொஞ்ச நாள்ல என் பொண்ணு யாருப்பா இவங்கன்னு கேட்டப்ப பேரு தெரியாதுன்னு சொல்றதுக்குள்ள எனக்கு வாய் ஒட்டிக்கிச்சு. கப்பு இப்ப கட்டிலுக்கு அடியில. படம் ஹார்டு டிஸ்க்ல இருக்கு. யாருக்கும் காட்டறதில்ல, அழிக்கவும் கை வரல, அதான் நெலமை.

இன்னொண்ணு. பினாங்குல பழைய போஸ்ட்கார்டு விக்கிற கடைங்கள்ல பாத்திருப்பீங்க, நூறு வருசத்துக்கு முன்னாடி வெள்ளக்காரன் ஸ்டூடியோவுல எடுத்த படம், மூக்குத்தி தோடெல்லாம் போட்ட ஒரு பொண்ணு, கீழ இங்கிலீஷ்ல 'தமிழ்ப் பெண்', அவ்ளோதான். இன்னொன்னுல 'கூலிகள்'. பேரு கெடையாது, ஊரு கெடையாது. எங்க தாத்தா லால்குடி பக்கத்துல இருந்து ட்ரெயின் ஏறி நாகப்பட்டணம் போயி அங்க டிப்போவுல காத்துக் கெடந்து கப்பல் ஏறினவரு. 1938-ல இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்பறத நிறுத்துற வரைக்கும் ஆயிரக்கணக்குல அப்படி வந்தாங்க, அவங்களும் ஏதோ ஒரு பிளாட்பாரத்துல மூட்டையத் தலைக்கு வச்சு படுத்துதான் இருந்திருப்பாங்க. அப்ப எவனாவது எங்க தாத்தாவ எடுத்திருந்தா கீழ என்ன எழுதியிருப்பான்? கப்பல் வந்து சேந்த எடத்துல நாம நாலு தலைமுறை தாண்டி, பாஸ்போர்ட்டும் போனுமா திரும்பிப் போயி, அதே தரையில படுத்திருக்கிறவங்கள எடுத்து அதே மாதிரி பேரில்லாத கேப்ஷன் போடுறோம். தைப்பூசத்துக்கு பத்துமலையில அலகு குத்துறப்ப மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டுற டூரிஸ்ட்ட நாம எப்படித் திட்டுவோம்! எங்க தெருவுலயே ஒருத்தரு, ஞாயித்துக்கிழமை நம்ம கே.எல். கோத்தா ராயா பக்கம் லீவு நாள்ல கூடி நிக்கிற வங்காளதேசத்துப் பசங்கள எடுத்து 'பாவம்'னு வாட்ஸ்அப்ல அனுப்பறாரு. அந்தப் பசங்க அன்னிக்கு இருக்கிறதுலயே நல்ல சட்டைய போட்டுக்கிட்டு கூட்டாளிகளப் பாக்க வந்தவங்க, அதுல என்ன பாவம்?

அந்தப் படத்த அனுப்பின வாசகர் மேல எனக்குக் கோவம் இல்ல, வெளிச்சம் நல்லா புடிச்சிருக்காரு, பிள்ளை கால் பாட்டி மேல கெடக்கிற மாதிரி சரியா அந்த நேரத்துல அமுக்கியிருக்காரு, கண்ணு இருக்கு. கேப்ஷன் அவரு எழுதினதா உங்க ஆபீஸ்ல எழுதினதான்னு எனக்குத் தெரியாது. எழுதினது யாரா இருந்தாலும் தாம்பூலப் பைய பாக்கல. இனிமே இந்தப் பக்கத்துக்கு படம் வாங்கறப்ப ஒரு கேள்வி கேட்டு வாங்குங்க, எடுக்கறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களான்னு. பேசியிருந்தா எந்த ஊருக்குப் போறாங்கன்னாவது தெரிஞ்சிருக்கும், அதையே கேப்ஷனா போட்டுடலாம், 'திருநெல்வேலி வண்டிக்கு காத்திருக்கும் குடும்பம்'னு. தூங்கிட்டிருக்கிறவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னா, முழிச்சப்புறம் கேக்கலாம், அதுவரைக்கும் அங்க ஒரு காபி குடிக்கலாம். பிள்ளைங்க மூஞ்சி தெரியிற படம்னா அப்பா அம்மா சரின்னாத்தான். வறுமைங்கிற வார்த்தைய போடணும்னா போடறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துடுங்க, வேணும்னா நான் வந்து பாத்துத் தர்றேன், பஸ் காசு கூட வேணாம்.

இந்தக் கடிதத்தோட ஒரு படம் வச்சிருக்கேன். எழும்பூர், ஏசி பெட்டி கண்ணாடி, உள்பக்கம் ஒரு உள்ளங்கை, வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை, யாரோட மூஞ்சியும் இல்ல. வெளிய நின்ன பையன்கிட்ட காட்டினேன், அவன் சிரிச்சுட்டு, அனுப்புங்க அங்கிள்னு நம்பர் குடுத்தான், அனுப்பிட்டேன். உள்ள இருந்தது அவன் தங்கச்சி, நர்ஸிங் படிக்கப் போகுதாம். போடணும்னா போடுங்க. கீழ 'எழும்பூர், ராத்திரி'ன்னு மட்டும் போதும், 'பிரிவின் வலி' அது இதுன்னு எதுவும் சேத்துடாதீங்க, அந்தப் பொண்ணு கடலை மிட்டாய் பாக்கெட்ட வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன்னு அப்ப அவங்க அண்ணன்கூட சண்ட போட்டுட்டு இருந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு செந்தூல் வாசகர்,
கோலாலம்பூர்